துடியன் முயலும் ஒழுகாத பூட்ஸும்

ஒரு காட்டில், கோடை முழுக்க யாருமே வாய் திறந்து பாடமாட்டார்கள். பாட்டைத் தொடங்கிவைக்க வேண்டியவர்கள் மண்ணுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் எப்படிப் பாடுவது?

அந்தத் தூங்குமூஞ்சிகள் வேறு யாருமில்லை, தவளைகள்தான். ஏரி வற்றத் தொடங்கியதும் சேற்றுக்குள் புதைந்துகொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். மேலே இடி இடித்தாலும் அசையமாட்டார்கள். கோடை மழை எத்தனையோ முறை அவர்களை ஏமாற்றியிருக்கிறது. அதனால் அவர்கள் மழையின் சத்தத்தை நம்புவதில்லை. துடியனின் காலைத்தான் நம்புவார்கள்.

துடியன் ஒரு முயல். பெருமழை வந்து, வற்றிக் கிடந்த ஏரித் திடல் சேறானதும், அவன் அங்கே போய்ப் பின்னங்காலால் ஓங்கித் தட்டவேண்டும். அந்தத் தட்டு மண்ணுக்குள் இறங்கி, தவளைகளின் வயிற்றில் போய் அதிரும். உடனே அவர்கள் மேலே வந்து சுருதி பிடிப்பார்கள். அப்புறம் குயில், மயில், சில்வண்டு என்று காடே சேர்ந்துகொள்ளும். மழை ஓயும்வரை கச்சேரிதான்.

தட்டு கேட்காவிட்டால்? மழை போய்விடும், வெயில் வந்து மேல்மண்ணை இறுக்கிவிடும். தவளைகள் அடுத்த மழைக்காலம்வரை உள்ளேயே கிடக்கவேண்டியதுதான். அதுவரை அவர்கள் தாங்குவார்களா என்பது யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் துடியன் நிம்மதியாக இருந்தானா? அதுதான் இல்லை. அவனுக்கு எப்போதுமே இருப்புக் கொள்ளாது. அதிலும் இந்த ஆண்டு ரொம்ப மோசம். காரணம், போன ஆண்டு நடந்த ஒரு சங்கதி.

போன ஆண்டு எல்லார் முன்னாலும் அவன் காலைத் தூக்கி ஓங்கித் தட்டினான். தட்டிய வேகத்தில் கால் வழுக்கிவிட்டது. "சளக்!" என்று சேற்றில் விழுந்து, உருண்டு, காது எது கால் எது என்று தெரியாமல் எழுந்து நின்றான். காடே சிரித்தது. எல்லாரும் மறுநாளே அதை மறந்துவிட்டார்கள், மைனாவைத் தவிர. எந்தச் சத்தத்தையும் ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறவள் அவள்.

"துடியண்ணே, சாப்பிட்டாச்சா? சளக்!"

"துடியண்ணே, காத்து நல்லா வீசுது இல்ல? சளக்!"

ஓராண்டாக இதே பாட்டுதான். துடியன் வெளியே சிரித்துவைப்பான், உள்ளே வெந்துபோவான்.

மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கிய அன்று அவனுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. புல்லைக் கடித்தான், பாதியில் துப்பினான். வளைக்குள் போனான், உடனே வெளியே வந்தான். "இந்த வருஷம் மட்டும் வழுக்கி விழுந்தேன்னா, அப்புறம் நான் இந்தக் காட்டுல தலைகாட்டவே முடியாது" என்று முனகினான். பிறகு ஒரே ஓட்டமாக முள்ளியின் கடைக்கு ஓடினான்.

முள்ளி ஒரு முள்ளம்பன்றி. விழுந்து கிடந்த மருதமரத்தின் அடியில் பூட்ஸ் தைப்பாள். கமுகம்பாளையை ஊறவைத்து, தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளையே ஊசியாக வைத்துத் தைப்பாள். தையல்மேல் பலாப்பாலையும் தேன்மெழுகையும் காய்ச்சிப் பூசுவாள். 'ஒழுகும்' என்ற சொல்லை அவள் காதுபடச் சொல்லிவிட்டால் போதும், முதுகு முழுக்கச் சிலிர்த்துக்கொள்ளும்.

"அக்கா, எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேணும். ரெண்டு பின்னங்காலுக்கும். தண்ணி புகக்கூடாது. சேறு படக்கூடாது. முக்கியமா, வழுக்கவே கூடாது!"

"மூச்சு விட்டுப் பேசு தம்பி" என்றாள் முள்ளி. கிளையில் தொங்கிய ஒரு பூட்ஸைக் காட்டினாள். அது நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "நேத்து ஊத்தினது. கீழே மண்ணு நனைஞ்சிருக்கா பாரு. உள்ளே ஊத்தின தண்ணி வெளியே வரலைன்னா, வெளியே இருக்கிற தண்ணி உள்ளே போகாது. நம்ம கடைப் பூட்ஸ் அப்படி."

துடியன் குனிந்து பார்த்தான். கீழே மண் உலர்ந்துதான் இருந்தது. அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"சரி, இதைப் போட்டுக்கிட்டு என்ன செய்யப் போற? நடக்கவா, நிக்கவா, ஓடவா?" என்று கேட்டாள் முள்ளி.

துடியன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவன் கண் பூட்ஸின் உயரத்தில் இருந்தது. "இது கணுக்கால் வரைக்கும்தானே இருக்கு? சேறு அதுக்கு மேல வந்தா?" என்றான். பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடிப்போய்விட்டான். சேற்றைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றால் எருமை மாமாவை விட்டால் யார்?

எருமை மாமா கடைசியாக மிஞ்சியிருந்த குட்டையில் சுகமாகக் கிடந்தார்.

"கணுக்கால் வரைக்கும் இருந்தா அது சேறா, மாப்ளே?" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். "சேறுன்னா ஆளை அப்படியே முழுங்கணும். உசரமாத் தைக்கச் சொல்லு."

துடியன் ஓடினான். முள்ளி அதுவரை போட்ட தையலைப் பிரித்து, தொடைவரை வருமாறு தைத்தாள். அதற்குள் அவனுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. உயரம் சரி, வழுக்கினால் என்ன செய்வது? மறுபடியும் ஓட்டம். வழுக்காமல் நிற்பதைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றால் கொக்கு மாமாதானே?

கொக்கு மாமா வற்றிப்போன ஏரிக்கரையில், இல்லாத மீனுக்காக அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"கால் நகர்ந்தாத்தான் வழுக்கும்" என்றார் அவர். "என்னைப் பாரு. காலையில வெச்ச காலைச் சாயங்காலம்தான் எடுப்பேன். அடிப்பாகத்தை நல்லாக் கனமாப் போடச் சொல்லு. நீயே நினைச்சாலும் நகரமுடியாது."

எருமை மாமா சேற்றில் படுக்கிறவர். கொக்கு மாமா தண்ணீரில் நிற்கிறவர். தட்டவேண்டியவன் யார்? அது துடியனுக்கு உறைக்கவே இல்லை. உறைப்பதற்கு அவன் ஓரிடத்தில் நின்றால்தானே!

"அடிப்பாகம் கனமா வேணும் அக்கா. ரெண்டு அடுக்கு, வேண்டாம், மூணு அடுக்கு!"

முள்ளிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "தம்பி, நான் உன் காலை அளவெடுக்கணுமா, ஊரார் வாயை அளவெடுக்கணுமா?" என்றாள். ஆனாலும் வந்த வேலையை விடுவாளா? கேட்டதைத் தைத்துக் கொடுத்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் பூட்ஸ் ஒழுகக்கூடாது, அவ்வளவுதான்.

காற்று வீசியது. மரங்கள் பேயாட்டம் ஆடின. பலாப்பால் இன்னும் காயவில்லை. துடியன் பூட்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து ஊதினான், எழுந்து வானத்தைப் பார்த்தான், மறுபடியும் உட்கார்ந்து ஊதினான். அவன் ஊதிய வேகத்தில் அவனுக்கே தலை சுற்றியது.

கடைசியில் ஒருவழியாகக் காய்ந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பாறைமேல் ஏறி நின்று தட்டிப் பார்த்தான்.

டொக்! டொக்!

என்ன கம்பீரமான சத்தம்! வழுக்கலும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு துடியன் மனசாரச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து மூக்கின்மேல் முதல் துளி விழுந்தது.

மழை கொட்டித் தீர்த்தது. ஏரித் திடல் குழம்பு மாதிரி ஆனது. குயில் தொண்டையைச் செருமிக்கொண்டது. மயில் தோகையை உதறிக்கொண்டது. காடே திடலைச் சுற்றிக் கூடிவிட்டது.

துடியன் நடந்து வந்தான். பூட்ஸ் கனத்தில் நடை யானை நடையாக இருந்தது. ஆனால் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை! மைனா 'சளக்' சொல்லலாம் என்று வாயைத் திறந்து பார்த்துவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டாள். துடியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திடலின் நடுவில் நின்று, காலைத் தூக்கி, ஓங்கித் தட்டினான்.

பொத்.

எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். திடல் அசையவில்லை.

மறுபடியும் தட்டினான். பொத். இன்னும் ஓங்கித் தட்டினான். பொத். பாறைமேல் அப்படி அதிர்ந்த கால், சேற்றில் தலையணையைத் தட்டுவது போல அமுங்கியது. அவனுடைய பலம் எல்லாம் மூன்று அடுக்கு அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கிப்போனது.

"தவளைங்க இடம் மாறிப் போயிட்டாங்களா?" என்று மயில் கேட்டது.

"வேணும்னா நான் ஒரு மிதி மிதிக்கட்டுமா?" என்று எருமை மாமா எழுந்தார்.

"ஐயோ, வேணாம் மாமா!" என்று துடியன் அலறினான். "உங்க மிதி விழுந்தா, பயந்துபோய் இன்னும் ஆழமாப் போயிடுவாங்க!"

மழை மெல்லக் குறைந்தது. மேற்கே ஒரு மூலையில் வானம் வெளுத்தது. துடியன் அதைப் பார்த்துவிட்டான். குதித்தான். இன்னும் உயரமாகக் குதித்தான். குதித்துக் குதித்துப் பூட்ஸ் இரண்டும் சேற்றில் பாதிவரை புதைந்துவிட்டன. இப்போது காலைத் தூக்கவே முடியவில்லை. கொக்கு மாமா சொன்னது பலித்துவிட்டது. அவனே நினைத்தாலும் நகரமுடியவில்லை.

"அழாதே தம்பி" என்றாள் முள்ளி கூட்டத்திலிருந்து. "பூட்ஸ்ல ஏதாவது குறையா? ஒரு சொட்டாவது உள்ளே போச்சா?"

"போகல அக்கா" என்றான் துடியன். "தண்ணி உள்ளே போகல. என் தட்டும் வெளியே போகல."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே கேட்டது. குனிந்து காலைப் பார்த்தான். அந்த இரண்டு பூட்ஸுக்கும் கீழே, கண்ணை மூடிக்கொண்டு, அவன் காலை மட்டுமே நம்பிக்கொண்டு அத்தனை தவளைகள் காத்துக் கிடக்கிறார்கள். தான் மேலே நின்று விழாமல் இருக்கும் அழகை ரசித்துக்கொண்டிருந்ததை நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"துடியண்ணே, பூட்ஸைக் கழட்டினா வழுக்குமே!" என்றாள் மைனா.

"வழுக்கும்தான்" என்றான் துடியன்.

ஒரு காலை உருவினான். பிறகு மறுகாலை உருவினான். பூட்ஸ் இரண்டும் சேற்றிலேயே நின்றுவிட்டன. வெறுங்கால் சேற்றில் பட்டதும் உடம்பு சில்லிட்டது. விரல்களுக்கு இடையே மண் பிதுங்கியது. ஓராண்டாக அவன் பயந்துகொண்டிருந்த அதே சேறு. காலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில், ஏதோ ஒன்று லேசாகப் புரண்டு படுத்தது போல இருந்தது. பூட்ஸுக்குள் இருந்தவரை அது அவனுக்குத் தெரியவே இல்லை.

துடியன் மூச்சை இழுத்துப் பிடித்து, இருந்த பலத்தை எல்லாம் சேர்த்துத் தட்டினான்.

திம்!

தட்டிய வேகத்தில் கால் வழுக்கியது. காது ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாகப் பறந்து போய் விழுந்தான்.

"சளக்!" என்றாள் மைனா, சந்தோஷம் தாங்காமல்.

காடே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், துடியனின் மூக்குக்கு நேராகச் சேறு மெல்லக் கொப்பளித்தது. இரண்டு கண்கள் மேலே வந்தன. மண் அப்பிய முகத்தோடு ஒரு கிழட்டுத் தவளை அவனைப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "மேலே என்னமோ பொத்து பொத்துன்னு கேட்டுச்சு. யாரோ வழிதவறி வந்தவங்கன்னு நினைச்சுத் திரும்பிப் படுத்துட்டோம்."

துடியன் முகத்துச் சேற்றை வழித்துப் போட்டான். எழுந்து இன்னொரு முறை தட்டினான். மறுபடியும் விழுந்தான். மறுபடியும் எழுந்து தட்டினான். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று திடல் முழுக்கச் சேறு கொப்பளித்தது. தவளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வெளுத்த வானம் மறுபடியும் கறுத்து, மழை இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. சுருதி சேர்ந்தது. குயில் பாடியது. அன்று துடியன் எத்தனை முறை விழுந்தான் என்று அவனும் எண்ணவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எண்ணவில்லை. மைனாகூடக் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் வேறு பாட்டுக்கு மாறிவிட்டாள்.

சேற்றில் நின்றுபோன பூட்ஸ் இரண்டிலும் மழைத் தண்ணீர் நிறைந்தது. ஒரு குட்டித் தவளை அதில் ஒன்றுக்குள் குதித்து உட்கார்ந்துகொண்டு பாடியது. குடத்துக்குள் இருந்து பாடுவது போல அந்தக் குரல் கணீரென்று காடெங்கும் கேட்டது.

முள்ளி பூட்ஸைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தாள்.

"பார்த்தியா தம்பி?" என்றாள் பெருமையாக. "ஒரு சொட்டு ஒழுகல!"

"ஆமாம் அக்கா" என்றான் துடியன். சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குக் காலைத் தூக்கினான்.

நீதி: விழக்கூடாது என்பதையே நினைத்துக்கொண்டிருப்பவன், தான் எதற்காக வந்து நின்றான் என்பதை மறந்துவிடுவான்.