இரண்டு விரல் சட்டம்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டைத் திருமேனிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்த மாத்திரத்தில் சட்டம் போடுகிறவன். கொசு கடித்தால் கொசுவுக்கு ஒரு சட்டம், மழையில் நனைந்தால் மேகத்துக்கு ஒரு சட்டம். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் பொடிமீன் முள் அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வாழைப்பழத்தை விழுங்கி முள்ளை இறக்கிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சட்டம் போட்டான். நாரைமுங்கி ஏரியில் இனிமேல் பொடிமீன் பிடிக்கக் கூடாது. இரண்டு விரல் நுழையாத கண்ணுள்ள வலையைக் கொளுத்திவிட வேண்டும். பிடிக்கிற மீனையும் அரண்மனை அனுமதி பெற்ற மொத்த வியாபாரியிடம்தான் விற்க வேண்டும்.

சட்டத்தில் குற்றமில்லை. குஞ்சு பிழைத்தால்தானே மறுவருஷம் மீன் இருக்கும்? குற்றமெல்லாம் அதை நடத்த வந்த ஆளிடம். ஏரி அதிகாரி கனகசபாபதிக்கு விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் தடிமன், அதில் மோதிரம் வேறு. அனுமதி பெற்ற வியாபாரியோ அவருடைய மைத்துனன். ஏழைகளின் வலை வந்தால் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மோதிரத்தோடு திணிப்பார். நுழையாது, வலை எரியும். மைத்துனன் வலை வந்தால் மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் சுண்டுவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் நுழைப்பார். "இதுவும் விரல்தானே?" என்பார்.

அப்படித்தான் செம்பாயியின் வலையும் மாட்டியது. ஏரிக்கு நடுவே ஒரு திட்டில் அவள் தனியாக இருந்தாள். புருஷன் கருத்தான் காய்ச்சலில் போய்விட்டான், பிள்ளை குட்டி கிடையாது. அதிகாரி வலையைப் பிடித்து இழுக்க, அவள் அதைச் சுருட்டிக்கொண்டு நேரே அரசவைக்கு வந்து நின்றாள்.

"மகராசா, எங்க கரையில வலை முடியிறவங்க தன் இடது கை ரெண்டு விரல வச்சுத்தான் ஒவ்வொரு கண்ணையும் அளந்து முடிவாங்க. இது எம் புருசன் முடிஞ்சது. இந்தக் கண்ணுக்குள்ள விரல விட்டா அவரு கையப் புடிச்ச மாதிரி இருக்கும். அந்தத் திட்டுல எனக்குப் பேச்சுத் துணை இதுதான். இதையும் எரிச்சிட்டா நான் யாருகிட்ட பேசுவேன்?"

கனகசபாபதி தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, கண்ணீருக்குச் சட்டத்தை வளைத்தால் நாளைக்கு ஊரே அழுதுகொண்டு வரும்."

ராஜா மந்திரி திருவேங்கடரைப் பார்த்தான். திருவேங்கடர் வாயைத் திறந்தால் சபை சிரிப்பில் குலுங்கும். சபை கலைந்தபின் அவர் வீட்டுக்குப் போனால் வாருங்கள் என்று சொல்ல ஆள் கிடையாது. மனைவி இறந்துபோனதிலிருந்து அப்படித்தான். செம்பாயி சொன்னது அவருக்கு நெஞ்சில் தைத்தது. ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை.

"அதிகாரி சொல்வது நியாயம். ஒரே ஒரு சந்தேகம். இரண்டு விரல் என்றால் யார் விரல்?"

"என் விரல்தான். நான்தானே அதிகாரி?" என்றார் கனகசபாபதி.

"எந்த இரண்டு விரல்?"

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "பெருவிரலும் ஆள்காட்டி விரலும்" என்று அவர் முனகினார்.

"நல்லது. மகாராஜா, நெல் அளக்கிற மரக்கால் எங்கே இருக்கும்?"

"களத்தில்தான்" என்றான் ராஜா.

"அப்படியானால் வலை அளக்கிற கை ஏரிக்கரையில்தானே இருக்க வேண்டும்?"

கனகசபாபதி கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பயப்படாதீர்கள், கையோடு நீங்களும் இருக்கலாம். ஆனால் அளவு மாறக் கூடாது. பெருத்தால் சட்டம் பெருத்துவிடும், இளைத்தால் சட்டம் இளைத்துவிடும். ஆகவே நெய்ச்சோறும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். அளந்து ஊற்றிய கஞ்சி போதும். உறவினர் யாரும் வந்து அளவுகோலோடு பேச்சுக் கொடுக்கவும் கூடாது. எல்லா வலையும் அந்த இரண்டு விரலில் நுழைந்து பார்க்கட்டும். அளவு உறுதியாகும்வரை எதையும் எரிக்க வேண்டாம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்போடு சிரிப்பாக உத்தரவும் போட்டான்.

கனகசபாபதி கரையில் பந்தலுக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் வலைக்கண்ணை அவர் விரலில் மாட்டிப் பார்ப்பார்கள், நுழையாது, பேசாமல் போய்விடுவார்கள். மைத்துனன் வலையும் நுழையவில்லை. எந்த வலையும் தேறாததால் ஏரியில் ஒரு படகும் இறங்கவில்லை. அரண்மனையில் தினம் பூசணிக்காய்க் குழம்பு. பொறுக்க முடியாமல் ராஜாவே கரைக்கு வந்தான். அங்கே கனகசபாபதி நாரைகளிடம் குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, மனுஷக் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? ஒரு மரத்துண்டை அளவாக வைத்துக்கொண்டு என்னை விட்டுவிடுங்கள்" என்று அழுதார்.

"எந்த அளவுக்குச் செதுக்குவது?" என்றான் ராஜா.

"ஏரியையே கேட்கலாம்" என்றார் திருவேங்கடர்.

முதலில் மைத்துனன் வலையை இறக்கினார்கள். குஞ்சுகள் கொத்துக் கொத்தாக மாட்டின. பிறகு செம்பாயி தன் வலையை வீசினாள். குஞ்சுகளெல்லாம் கண் வழியே நழுவி ஓடிவிட்டன, முழங்கை நீள விரால்கள் மட்டும் தங்கின. ராஜா தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "இதுதான் அளவு" என்றான். அதிகாரிக்குப் பதவி போனது, மைத்துனனுக்கு அனுமதி போனது. தச்சன் செம்பாயி வலையின் கண்ணுக்குச் சரியாக, கருத்தானின் இரண்டு விரல் தடிமனில் மரத்துண்டு செதுக்கினான்.

சரிபார்க்க அதை அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதைக் கையால் பொத்திப் பிடித்தாள். சேவகன் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"மந்திரியாரே, உமக்கு என்ன வெகுமதி வேண்டும்?" என்று கேட்டான் ராஜா.

"அந்த மரத்துண்டை அவளிடமே விட்டுவிடுங்கள், மகாராஜா. சட்டத்துக்கு வேறொன்று செதுக்கிக்கொள்ளலாம்."

"அது அவளுக்கு. உமக்கு?"

"எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரி அப்படி எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை."

அன்றைக்குத்தான் திருவேங்கடர் பேசியும் ஒருவரும் சிரிக்கவில்லை.