பொன்வேல் தூக்கிய கை

துறைமுகத்தில் செம்புக் கம்பி களவு போனது. அது தொழிற்சங்கத் தலைவர் பொன்வேலின் கிடங்கில் இருப்பது ஊருக்கே தெரியும்.

"சங்கம் தீர்மானம் போடாம என் பூட்டைத் தொட்டா ஒரு கப்பல் நகராது!" என்றார் பொன்வேல். சோதனை போட வந்த இன்ஸ்பெக்டர் அடங்கிப்போனார்.

அதோடு விட்டாரா? சங்க ஆபீஸ் பெருக்கும் மொக்கத்தாயை இன்ஸ்பெக்டர் முன்னாலேயே சங்கக் கூட்டத்தில் நிறுத்தினார். "திருடனைக் காட்டு. இல்லன்னா நீதான் திருடி, உள்ள போ."

"வழக்கமான தீர்மானத்த முடிச்சிட்டுக் காட்டுறேங்கய்யா."

அந்தச் சங்கத்தில் தீர்மானத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. மொக்கத்தாய் அதை வாசித்து மணியடித்தால் கை தூக்குவார்கள், அவ்வளவுதான். தலைவரும் போனில் மூழ்கினார்.

"தலைவரோட கிடங்கைப் போலீசு திறந்து பார்க்கச் சங்கம் சம்மதிக்குது" என்று வாசித்து மணியடித்தாள்.

முதலில் உயர்ந்தது பொன்வேலின் கை. பின்னாலேயே மற்ற கைகள். இரண்டு பேர் குழம்பிப்போய் இறக்கினார்கள். தலைவரின் கையைப் பார்த்து மறுபடி தூக்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே எழுந்ததும்தான் பொன்வேலுக்கு உறைத்தது. "என்ன தீர்மானம்டா அது?"

பக்கத்திலிருந்தவன் இன்னும் இறங்காத தலைவரின் கையைக் காட்டினான்.

"கையை இறக்குங்கய்யா," என்றாள் மொக்கத்தாய். "சாவி எடுக்கணும்ல."