எட்டாக வெட்டிய அடை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுவயல் நாட்டை முடுகுவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் எழுந்ததும் ஏதாவது ஓர் ஆணை போடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருநாள், கணக்குத் தெரியாதவருக்கு அரியணை கிடையாது என்று ஆணை போட்டான். தனக்கு இருப்பது ஒரே மகள் என்பதும், அவளுக்குக் கணக்கு வராது என்பதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

சபையில் பரீட்சை நடந்தது. ஆஸ்தானக் கணிதர் விடங்கர் வட்டத்தின் பரப்பைக் கேட்டார். இளவரசி வஞ்சிக்கொடி அவர் கற்பித்த பாட்டின் கடைசி அடியை முதலிலும் முதல் அடியைக் கடைசியிலும் ஒப்பித்தாள்.

"தினமும் பாடம் முடிந்ததும் புரிந்ததா என்று கேட்டேன், அரசே. தினமும் புரிந்தது என்றுதான் சொன்னார்கள்" என்றார் விடங்கர். ராஜாவிடம் மந்திரி காரியாருக்கு இருந்த செல்வாக்கு அவர் வயிற்றை எரித்துக்கொண்டிருந்தது. "மந்திரியார் கொடுத்த செல்லம்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது."

"சரி, பட்டம் என் தம்பி மகனுக்கு" என்றான் ராஜா.

காரியார் எழுந்தார். ஏரிக்கரை உடைந்த அன்று சேற்றில் இறங்கி மண் சுமந்தவள் வஞ்சிக்கொடி. தம்பி மகன் அன்றைக்கும் வேட்டைக்குத்தான் போயிருந்தான். அவன் கையில் நாடு போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"அரசே, நானும் ஒரு பாடம் நடத்துகிறேன். சாப்பிட்டு முடித்து முடிவு சொல்லுங்கள்" என்று தொண்டையைச் செருமினார். "வட்டத்தை வெட்டினால் விளிம்பு கூடும். விளிம்பு கூடினால் பரப்பு கூடும். ஆகவே எட்டாக வெட்டிய வட்டம் எட்டு வட்டத்துக்குச் சமம். புரிந்ததா?"

ராஜாவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "புரிந்தது" என்றான். ராஜாவுக்கே புரிந்த பிறகு தளபதிக்குப் புரியாமல் இருக்குமா? அவருக்கும் புரிந்தது. "இதுகூடவா புரியாது?" என்றார் விடங்கர், பாதிதான் காதில் வாங்கியவர்.

பந்தியில் இளவரசியும் விடங்கரும் உட்பட எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். ராஜாவின் இலையில் ஒரு துண்டு அடை விழுந்தது.

"மீதி எங்கே?"

"மீதி கிடையாது, அரசே. ஓர் அடையை எட்டாக வெட்டியாயிற்று. ஆளுக்கு ஒரு முழு அடை."

"உமக்குப் பைத்தியமா?"

"புரிந்தது என்றீர்களே. அதை நம்பி அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டேன்."

ராஜா அந்தத் துண்டை இலையின் ஓரத்துக்குத் தள்ளினான். "புரியவில்லைதான். நாலு பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது?" என்றான் மெதுவாக.

"இளவரசியாருக்கும் அதே சங்கடம்தான்" என்றார் காரியார்.

ஒளித்து வைத்திருந்த இன்னொரு முழு அடையையும் கத்தியையும் அவள் பக்கம் நகர்த்தினார். "புரிந்ததா என்று கேட்க மாட்டேன், அம்மா. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்கிறதே பாட்டு, அந்தப் பாதி எங்கிருந்து வந்தது? வெட்டிப் பாருங்கள்."

அவள் எட்டாக வெட்டினாள். ஒன்றை முனை மேலாக, அடுத்ததை முனை கீழாகச் சேர்த்து அடுக்கினாள். "விளிம்பில் பாதி மேலே போகிறது, பாதி கீழே" என்று முணுமுணுத்தாள்.

"மேடும் பள்ளமுமாக இருக்கிறதே" என்றார் விடங்கர்.

ஒவ்வொரு துண்டையும் இரண்டாகப் பிளந்து அடுக்கினாள். மேடு குறைந்தது.

"இப்போதும் இருக்கிறது."

"இன்னும் மெல்லிசாக வெட்டினால் இன்னும் குறையும், ஐயா. கத்தியால் முடியாது, மனசால் வெட்டிக்கொண்டே போகலாம். போகப் போக நீள்சதுரமாகிவிடும். நீளம் சுற்றளவில் பாதி, உயரம் விட்டத்தில் பாதி. இரண்டையும் பெருக்கினால் பரப்பு."

ராஜா எழுந்து மகளின் தலையைத் தடவினான். "அரியணை உனக்குத்தான்" என்றான். பிறகு விடங்கர் பக்கம் திரும்பினான். "இதை ஏன் சொல்லித்தரவில்லை?"

"எனக்கே இப்போதுதான் தெரியும், அரசே. எனக்கும் பாட்டை மட்டும்தான் தந்தார்கள்" என்றார் விடங்கர்.

மந்திரிக்கு முத்துமாலையும், சாப்பாட்டைக் கெடுத்ததற்கு வசவும் கிடைத்தன. விடங்கர் இனி இளவரசியின் பக்கத்தில் மாணவராக உட்கார வேண்டும் என்று ஆணை பிறந்தது.

மறுநாள் வகுப்பில், "உருண்டைக்கும் ஒரு பாட்டு உண்டே, ஐயா. அது ஏன் அப்படி?" என்று கேட்டாள் வஞ்சிக்கொடி.

நாக்கு நுனிவரை வந்த பாட்டை விடங்கர் விழுங்கிக்கொண்டார்.

"தெரியலையே, அம்மா" என்றார். "ஒரு பூசணிக்காய் கொண்டுவரச் சொல்லுங்கள்."