புங்கம்பூச் சாட்சி

காலை ரயிலிலிருந்து இறங்கிய இசக்கியம்மாள் கனவில் நடப்பவளைப் போல வந்தாள். ராத்திரி முழுக்க உதிர்ந்த புங்கம்பூவில் வண்டி நிறுத்துமிடமே வெள்ளையாக மிதந்தது. மாவாட்டிப் பிழைக்கிற அவளுடைய மொபெட்டின் மேல் அபராதச் சீட்டு.

“நேத்து சாயங்காலத்துலேருந்து கோட்டுக்கு வெளிய நிக்கி. ஐநூறு ரூவா எடு,” என்றார் நிறுத்துமிடக் குத்தகைக்காரர் சொரிமுத்து.

“யார்ட்ட அண்ணாச்சி முறையிடணும்?”

“எங்கிட்டதான். சாட்சி இருக்கா?”

அவள் மொபெட்டை நகர்த்தினாள். சக்கரத்தடியில் பூ நசுங்கிக் கிடந்தது. கோட்டுக்கு உள்ளேயோ, பூவே விழாத வெறுந்தரை, மொபெட்டின் நிழல்போல. அங்கிருந்து வண்டியை இழுத்த தடம். பக்கத்திலேயே செருப்புத் தடம், சொரிமுத்துவின் சீட்டுக் கூண்டுவரைக்கும்.

வண்டி எடுக்க வந்த கூட்டம் சிரித்தது. சொரிமுத்து சீட்டைக் கிழித்தார்.

“அண்ணாச்சி,” என்றாள் வண்டியைக் கிளப்பியபடி, “அடுத்த தடவ பெருக்கிட்டு இழுங்க.”