காமாயி கொடுத்த சத்தம்

அந்தக் காலத்தில், புலியும் நரியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. தாயைக் கூப்பிடுகிற பிள்ளையை எந்த விலங்கும் தொடக் கூடாது. தொட்டால் பல் கொட்டிப்போகும். பல் போன விலங்கு பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். ஆகவே காட்டோரத்தில் குடியிருந்தவர்கள்கூடப் பிள்ளைகளை முற்றத்தில் விட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மலையடிவாரத்தில் காமாயி என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வெள்ளச்சிக்கு ஆறு வயது. இளையவள் குருவம்மாளுக்கு மூன்று. தகப்பன் தேனெடுக்க மலையேறினால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். அதுவரை சாமை குத்துவதும் கஞ்சி காய்ச்சுவதும் இந்த இரண்டையும் கட்டி மேய்ப்பதும் காமாயி ஒருத்தியின் பாடு.

இரண்டு பெண்கள் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? ஒருத்தி சிரித்தால் மற்றவள் அழுவாள். குருவம்மாளுக்கு எப்போதும் வாய் நிறைய இலந்தைப் பழம் வேண்டும், போகிற இடமெல்லாம் கொட்டையைத் துப்பிவைப்பாள். காமாயி காலில் குத்தாத கொட்டையே கிடையாது. வெள்ளச்சிக்கோ சும்மா இருக்கத் தெரியாது. அன்றைக்குக் கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த காய்களைப் பறித்து, கற்றாழை நாரில் கோத்து, தங்கச்சி காலில் மாட்டிவிட்டிருந்தாள். குருவம்மாள் குதிக்கக் குதிக்க அது கிலுகிலுவென்று காதைத் துளைத்தது.

உச்சிவெயில். காமாயி உலக்கையோடு நின்றாள். முதல்நாள் ராத்திரி முழுக்க இளையவளுக்குக் காய்ச்சல் என்று அவள் கண்ணை மூடவே இல்லை.

"அம்மா, இவ என் பழத்தைத் தின்னுட்டா!"

"இல்லம்மா, அவதான் என்னைக் கிள்ளினா!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கடி, தலை வெடிக்குது!" என்று கத்திய காமாயி, குருவம்மாள் காலிலிருந்த கிலுகிலுப்பைச் சரத்தை உருவித் தன் மடியில் செருகிக்கொண்டாள். குருவம்மாள் வீறிட்டு அழுதாள். அவளைப் பார்த்து வெள்ளச்சியும் அழுதாள்.

அப்போது வேலிக்கு வெளியே ஒரு சிறுத்தை வந்து நின்றது. நல்ல பிள்ளைபோல வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு பேசியது.

"தாயி, வீட்டுல வேண்டாதது ஏதாச்சும் இருந்தா குடேன். கொண்டு போயிடுறேன்."

"இங்க என்ன இருக்கு? எலும்பா, தோலா? போ, போ."

"எதுவா இருந்தாலும் சரி தாயி. உனக்கு வேண்டாததுன்னு நீயே உன் வாயால குடுக்கணும். அவ்வளவுதான்."

காமாயி வெடுக்கென்று திரும்பினாள். "அப்ப இந்தப் பிள்ளைங்க சத்தத்தை எடுத்துட்டுப் போ. உனக்குப் புண்ணியமாப் போகும்!"

வாய் தவறி வந்த சொல்தான். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். சிறுத்தை வாயை அகலமாகத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தது. முற்றத்திலிருந்த அழுகை, சிரிப்பு, காலடி, கைத்தட்டல் எல்லாம் அதன் வாய்க்குள் போய் அடங்கின. இனி அந்தப் பெண்கள் போடப்போகிற சத்தமும் நேராக அங்கேதான் போகும். சிறுத்தை வாயை இறுக மூடிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கியது.

அடேயப்பா, எப்படிப்பட்ட அமைதி! காமாயிக்கு அது சுகமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? இரண்டும் ஓசையில்லாமல் முற்றத்தில் விளையாடுவதை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு சாமையைக் குத்தி முடித்தாள். உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் எழுந்திருக்காமல் முழுதாகக் குடித்தாள். சுவரில் தலையைச் சாய்த்தவள் கொஞ்சம் கண்ணயர்ந்தும் போனாள்.

கண் விழித்தபோது முற்றம் காலியாக இருந்தது.

"வெள்ளச்சி!" என்றாள். பதில் இல்லை. "அடியே குருவு!" பதில் இல்லை. விளையாட்டுக்கு ஒளிந்திருப்பார்கள் என்று தானியக் குதிருக்குப் பின்னால் பார்த்தாள். கவிழ்த்த கூடையைத் தூக்கிப் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் இருந்தது. அசையாத தண்ணீரைப் பார்த்து நிம்மதியடைவதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைகள் பத்தடி தூரத்தில் நின்று பதில் சொன்னாலும் தன் காதில் விழாது. அழுதாலும் விழாது. கூப்பிட்டாலும் விழாது. கூப்பிட முடியாத பிள்ளைக்குக் காட்டில் என்ன காவல் இருக்கிறது? அதற்காகத்தான் அந்தப் பாவிச் சிறுத்தை சத்தத்தை வாங்கிக்கொண்டது.

"நான் குடுத்தேனே! நானே என் வாயால குடுத்தேனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினாள். எந்தப் பக்கம் போவது? காடு நாலாபக்கமும் ஒன்றுபோலவே நின்றது. முள்மேல் கால் வைத்ததுபோல உள்ளங்காலில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தாள். இலந்தைக் கொட்டை. எச்சில்கூடக் காயவில்லை.

சற்றுத் தள்ளி இன்னொன்று கிடந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. எத்தனை நாள் இந்தக் கொட்டைக்காக அந்தப் பிள்ளையின் முதுகில் ரெண்டு போட்டிருப்பாள்! இப்போது ஒவ்வொரு கொட்டையையும் கண்ணில் ஒற்றாத குறையாகப் பார்த்துக்கொண்டு ஓடினாள். பாறைச் சரிவுக்குப் பக்கத்தில் கொட்டைகள் நின்றுபோயின. அவள் கீழே எட்டிப் பார்த்தாள்.

கீழே ஓடைப் பள்ளத்தில் சிறுத்தை இருந்தது. முன்னங்கால் ஒன்றால் குருவம்மாளைக் குப்புற அமுக்கியிருந்தது. மறுகாலால் பரபரவென்று மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருந்தது. வாயிலிருக்கும் சத்தத்தைப் புதைத்து மூடினால்தானே கடிக்க வாயைத் திறக்க முடியும்? குழி ஏறக்குறைய ஆழமாகிவிட்டது. குருவம்மாள் காலை உதைத்து உதைத்து வாய் திறந்து அழுதாள். ஒரு சின்ன ஓசைகூட வரவில்லை. வெள்ளச்சி தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

சரிவில் இறங்கிப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காமாயி கல்லைத் தேடிக் குனிந்தாள். மடியில் ஏதோ கிலுகிலுவென்றது.

"வெள்ளச்சி! இந்தா! தங்கச்சி காலுல மாட்டுடி!"

சரத்தைச் சுழற்றி வீசினாள். வெள்ளச்சி அதைப் பாய்ந்து எடுத்து, உதைத்துக்கொண்டிருந்த அந்தச் சின்னக் காலில் மாட்டினாள்.

கிலுகிலு, கிலுகிலு, கிலுகிலு.

காமாயி கொடுத்தது பிள்ளைகளின் சத்தத்தை மட்டும்தான். கிலுகிலுப்பை அப்போது அவள் மடியில் அல்லவா இருந்தது! குரல் இல்லாத பிள்ளை காலால் தாயைக் கூப்பிட்டாள். கூப்பிடுகிற பிள்ளைமேல் சிறுத்தையின் கால் இருந்தது. அதன் கோரைப்பல் ஒன்று ஆடியது. இன்னொன்று கழன்றே விழுந்தது. வலி பொறுக்காமல் சிறுத்தை வாயைப் பிளந்து அலறியது. குழந்தையை விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

அது வாயைத் திறந்ததும் உள்ளே இருந்த சத்தமெல்லாம் வெளியே வந்தது. போட்ட வரிசையிலேயே வந்தது. முதலில் முற்றத்து அழுகை, அப்புறம் சிரிப்பு. பிறகு வெள்ளச்சியின் குரல்.

"அம்மா, இது வாலை ஆட்டுறதைப் பாரேன்!"

"அம்மா, வாலைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச தூரம் போகட்டுமா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. வா குருவு, போவோம்."

காமாயி அப்போது சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

"அம்மா, முள்ளு குத்துது." "அம்மா, வீட்டுக்குப் போகணும்." "அம்மா, தங்கச்சி அழுகுறா." பிறகு குருவம்மாளின் குரலில் வெறும் "அம்மா, அம்மா, அம்மா" என்று ஓயாமல் வந்தது. கடைசியாக வெள்ளச்சியின் குரல் கேட்டது.

"கூப்பிடுறேன்ல! ஏம்மா வர மாட்டேங்குற?"

அந்தப் பள்ளத்தில் இரண்டு பெண்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் காமாயி பதில் சொன்னாள். "வந்துட்டேன்டி. வந்துட்டேன்டி கண்ணு." கூப்பாடு ஓய்ந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீடு திரும்பியதும் கற்றாழை நாரை இரட்டையாக முறுக்கி இரண்டு பேர் காலிலும் கிலுகிலுப்பையைக் கட்டினாள். அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் நடந்ததைக் கேட்டார்கள், அழுதார்கள், அவரவர் பெண்ணின் காலிலும் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் காய்க்குப் பதில் வெள்ளியில் மணி கோத்தார்கள். கொலுசு அழகுக்கு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காமாயிக்குத் தெரியும் அது எதற்கு என்று.

அன்று முதல்தான் நடை பழகுகிற பெண் குழந்தையின் காலில் மணிக்கொலுசு ஏறியது. அன்று முதல்தான், சத்தம் போடாதே என்று நாள் முழுக்கத் திட்டுகிற தாய், சத்தம் நின்றுவிட்டால் மட்டும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருகிறாள்.