நிலைப்படியோரத்து ஸ்டூல்

சரக், டப். சரக், டப்.

இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்த ஓசை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஒரு ரப்பர் செருப்பு தரையைத் தேய்க்கும், மற்றது தட்டும். அப்போது நான் அந்த ஆஸ்பத்திரியில், எலும்புப் பிரிவின் வராந்தாவில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சீட்டில் பெயருக்கு இடம் உண்டு, வயதுக்கு உண்டு, ஊருக்கு உண்டு. ஓசைக்கு இடம் கிடையாது.

அப்படி நடந்து வந்தவள் சுடலைவடிவு. முப்பத்தாறு வயது. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் காய் தரம் பிரிக்கிறவள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றே செய்கிற வேலை. ஆடி மாதம் மூட்டை தடுக்கி விழுந்தாள். வலது குதிகால் வீங்கியது. கார்த்திகை பிறந்தும் வீக்கம் வற்றவில்லை.

அவளைப் பார்த்துவந்தவர் டாக்டர் இன்பராஜ். கிராமத்தில் இருபத்தைந்து வருடம் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பார்த்துவிட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் எலும்பு வைத்தியம் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்தவர் டாக்டர் மைமூனா. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

“பேரன் எல்.கே.ஜி.யில, தாத்தா இங்க,” என்று இன்பராஜே சொல்லிச் சிரிப்பார்.

“ரெண்டு பேர்ல யாரு ஒழுங்கா வீட்டுப்பாடம் எழுதுறது, அண்ணே?” என்பார் மைமூனா.

இன்பராஜ் சேர்ந்த முதல் வாரமே வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார். அறைக்குள், நிலைப்படியை ஒட்டிப் போட்டார். கால் வலியோடு வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஓரடி எடுத்து வைத்ததும் உட்கார்ந்துகொள்ளலாம். அவர்தான் எழுந்து வருவார். அவர்தான் குனிவார்.

அன்றும் சுடலைவடிவின் காலருகே குனிந்திருந்தார். கட்டுத் துணி சுற்றியாயிற்று, சுளுக்கு மாத்திரை கொடுத்தாயிற்று, யூரிக் அமிலமும் பார்த்தாயிற்று. கையில் ஸ்டீராய்டு ஊசி தயாராக இருந்தது.

“போட்டுரலாமா, மேடம்?”

மைமூனா வீக்கத்தின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. சிவப்பும் இல்லை.

“செருப்பு எங்கம்மா?”

“வெளிய கெடக்கு. எடுத்தாரட்டா?”

“நீ இரு.”

அவரே போனார். அந்தச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வராந்தாவின் கோடிவரை நடந்தார். திரும்பி நடந்து வந்தார்.

“ஐயையோ அம்மா, எஞ் செருப்பப் போயா!” சுடலைவடிவு பதறி எழப் பார்த்தாள்.

“இப்ப நீங்க போடுங்க, அண்ணே.”

இன்பராஜின் பாதம் செருப்புக்கு வெளியே அரைச் சாண் நீண்டது. வரிசையில் இருந்த ஒரு கிழவர், “டாக்டருக்கு எதுக்குய்யா பொம்பளச் செருப்பு?” என்று சத்தமாகவே கேட்டார். வராந்தா சிரித்தது. இன்பராஜும் சிரித்துக்கொண்டே நடந்தார். பாதித் தூரத்தில் சிரிப்பை நிறுத்தினார்.

கழற்றி இரண்டையும் மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். இடது செருப்பில் குதிகால் படும் இடம் குழிந்து, வழவழவென்று இருந்தது. வலதில் அதே இடத்தில் சின்னச் சின்னப் புள்ளி மேடுகள், கடையில் வாங்கியபடியே. விரல் படும் இடம் மட்டும் ஓட்டையாகியிருந்தது.

“எப்பம்மா வாங்கினது?” என்றார்.

“பொங்கலுக்கு, ஐயா.”

மைமூனா அவரைப் பார்த்தார். “விழுந்தது ஆடியில. தையிலேர்ந்து ஆடி வரைக்கும் அந்தக் குதிகால் எங்க இருந்துச்சு, அண்ணே?”

இன்பராஜ் சுடலைவடிவின் பக்கம் திரும்பினார்.

“விழுறதுக்கு முன்னாடியே வலிச்சுதா?”

“லேசாக் குத்தும். குதிய ஊனாமதான் நடப்பேன். அப்படி நடந்துதான மூட்டைல தடுக்குனேன்.”

“எங்கிட்ட சொல்லலையேம்மா.”

“எப்படி விழுந்தேன்னுதான நீங்க கேட்டிய.”

இன்பராஜ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். அவளது ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். ஜாக்கெட்டை இறுக்கிக் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தார். சாயங்காலம் மேல் காயுமா, காய்ச்சல் வருமா என்று கேட்டார். காயும் என்றாள். நர்ஸம்மாவை அழைத்துத் தொடையிடுக்கில் பார்க்கச் சொன்னார். நெறி கட்டியிருந்தது.

தணிந்த குரலில் கேட்டார். “காசநோயா மேடம்? இருமல் இல்லையே. மார்புப் படம் சுத்தமா இருக்கே.”

“மார்பு சுத்தமா இருந்தா காலுக்கு வராதுன்னு யாரு சொன்னது?”

அவர் அவசரமாக மாத்திரைச் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். மைமூனா பேனாவை வாங்கிக்கொண்டார்.

“இன்னிக்கே ஆரம்பிச்சிருவோம் மேடம். ஏற்கெனவே நாலு மாசம் போச்சு.”

“செருப்பு எத்தனை நாள்னுதான் சொல்லும். நோயைச் சொல்லாது.”

“பின்ன யாரு சொல்லுவா?”

“எலும்பு.”

சுடலைவடிவு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “காலை எடுத்துருவாகளோ, அம்மா? நிக்க முடியாதவள மண்டில வச்சிக்கிட மாட்டாக.”

மைமூனா அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “இப்ப நான் என்ன சொன்னாலும் பொய்யாப் போயிரும். பத்து நாள் பொறு.”

அவளை வார்டில் சேர்த்து, புதிதாகப் படம் எடுத்தார்கள். ஆடி மாதப் படத்தில் இல்லாத ஒரு வெளிறல் குதிகால் எலும்புக்குள் இருந்தது. எலுமிச்சை விதை அளவு. மறுநாள் அந்த இடத்திலிருந்து அரிசி மணி அளவுக்குத் துளி எலும்பு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் இன்பராஜ் ஆய்வுக்கூடத்துப் படியேறி இறங்கினார். கிழவர் சொன்ன பகடியை யார் திரும்பச் சொன்னாலும் சிரிக்கவில்லை.

பதினோராம் நாள் தாள் வந்தது. காசநோய்தான். மூட்டுக்குள் இன்னும் இறங்கவில்லை.

அவர் நேராக வார்டுக்குப் போனார். நானும் சீட்டோடு பின்னால் போனேன்.

“மாத்திரையில குணமாயிரும்மா. ஒரு வருசம் விடாமச் சாப்பிடணும். காலை எடுக்க மாட்டாங்க.” நிறுத்தினார். “நாலு மாசம் நான் தப்பாப் பாத்துட்டேன். இந்த நோயை ஏத்திவிடுற ஊசியும் போடப் பாத்தேன்.”

சுடலைவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “போங்க ஐயா. உள்ள வந்ததும் உக்காருன்னு சொன்ன டாக்டர் நீங்க ஒருத்தர்தான். நடக்கவே விட மாட்டிய.”

இன்பராஜ் அறைக்கு வந்து, ஸ்டூலை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மைமூனாவின் முன்னால் நின்றார்.

“மேடம், இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறேன். இனி யாரையும் உக்காரச் சொல்லல.”

மைமூனா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல் சொன்னார்.

“உக்காரச் சொல்லுங்கண்ணே. ஸ்டூலை மட்டும் அந்த ஜன்னலோரம் போட்டுருங்க.”

அவர் கதவைப் பார்த்தார். அங்கிருந்து ஜன்னல்வரை தரையைப் பார்த்தார். வருகிறவர் நடந்து கடக்கப் பதினான்கு அடி இருக்கும்.

சுடலைவடிவு ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டாள். அதன்பின் பதினெட்டு வருடம் அதே மண்டியில் நின்று காய் பிரித்தாள்.