சூசையம்மாள் வரைந்த கை

பழைய மீன் மார்க்கெட் கட்டடத்தில்தான் தேவகுஞ்சரி அந்த அருங்காட்சியகத்தை நடத்திவந்தார். யாரிடமும் வரையக் கற்காதவர்கள் வரைந்த படங்களுக்கு மட்டுமே அங்கே இடம். மீன் வெட்டிய கல்மேடைகள் அப்படியே இருந்தன. மேலே, சுவரெங்கும் படங்கள்.

ஓவியக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஞானசிகாமணி ஒருநாள் சும்மா பார்க்க வந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான தேவகுஞ்சரியிடம் கேட்டார்:

“என்னைச் சிஷ்யனா ஏத்துக்கங்கம்மா. எனக்கு வரையத் தெரியும். ஆனா நான் வரைஞ்ச எதுவும் என்னை இப்படி நிக்க வச்சதில்ல.”

ஆறு மாதம் ஆயிற்று. படங்களைத் துடைத்தார், மாட்டினார். வரைய மட்டும் கை ஓடவில்லை.

அன்று சூசையம்மாள் வந்தாள். அதே மார்க்கெட்டில் மீன் விற்றவள். சிமெண்டுப் பைக் காகிதத்தில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். வெள்ளத்தில் ஒரு பெண். கரையில் ஒரு மனிதன். அவனுடைய வலது கை அவன் உயரத்தைவிட நீளம்.

“நடுச்சுவருல மாட்டணும்” என்றாள்.

“கை தப்பா இருக்கே” என்றார் ஞானசிகாமணி மெல்ல.

“சரியா வரைஞ்சு காட்டுங்களேன் சார்” என்றார் தேவகுஞ்சரி.

ஞானசிகாமணி கரித்துண்டை எடுத்தார். அதே கரை, அதே வெள்ளம், அதே இருவர். தோள், முழங்கை, மணிக்கட்டு, எதிலும் அளவு பிசகவில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

தேவகுஞ்சரி அதை வாங்கிச் சூசையம்மாளிடம் கொடுத்தார். அவள் உற்றுப் பார்த்தாள்.

“அழகா இருக்கு சார். ஆனா இதுல நான் செத்துல்ல போயிருப்பேன்?”

ஞானசிகாமணி குனிந்து பார்த்தார். அவனுடைய விரல்களுக்கும் அவளுடைய விரல்களுக்கும் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரும்மா அவர்?”

“யாரு கண்டா? வெள்ளம் வந்தன்னிக்குப் பாலத்தடியில நின்ன மனுசன். நான் கண்ணு முழிச்சப்ப ஆளக் காணோம். ஒரு வார்த்தை சொல்ல முடியல. அதான் வருசா வருசம் அந்தத் தேதியில வரையுறேன். நடுச்சுவருல இருந்தா என்னிக்காச்சும் அவரு கண்ணுல படுமில்ல?”

ஞானசிகாமணிக்கு, மாணவனாய் இருந்த காலத்தில் தான் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது இரண்டு மாதம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த விடுதிச் சமையல்காரர் நினைவுக்கு வந்தார். அவரை ஒருநாளும் வரைந்ததில்லை.

ஏணியைத் தானே தூக்கிவந்து, சூசையம்மாளின் படத்தை நடுச்சுவரில் மாட்டினார். அவள் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார்.

அவள் போனபின் தன் படத்தைக் கையில் எடுத்தார்.

“இதை என்ன செய்யட்டும்மா? கிழிச்சிடவா?”

“எதுக்கு?” கரித்துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார் தேவகுஞ்சரி. “அந்தக் கையக் கொஞ்சம் நீட்டுங்க சார்.”